மிச்ச சுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"எனக்கு பாரிடோனைத் தள்ளிவிட்டார்கள்ப்பா, தனியாகப் பாடினால் அது பாட்டாகவே இல்லை" என்று நேற்று போனில் புலம்பினாய். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பாடும் புளூகிராஸ், பாஞ்சோ, மாண்டலின் வைத்துப் பாடும் அமெரிக்க கிராமிய இசை. அதில் மூன்று பேர் சேர்ந்தால் ஒருவர் மெட்டைப் பாடுவார். அவர் 'ஸ'வில் நின்றால் டெனர் என்கிற மேல்குரல் 'க'வைப் பிடித்துக்கொள்ளும். மீதி இருப்பது 'ப'. கீழே போய் அதை எடுப்பது பாரிடோன். கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறும்போது மற்ற இருவரும் எதை விட்டுவைக்கிறார்களோ அதுதான் உனக்கு. சில இடத்தில் ஒரே சுரத்தில் அசையாமல் நிற்க வேண்டும், சில இடத்தில் திடீரென்று தாவ வேண்டும். தனியாகக் கேட்டால் மெட்டாக இராதுதான். எல்லோரும் ஒரே மெட்டைப் பாடும் பஜனையில் வளர்ந்த காது உன்னுடையது, அதற்கு இது இன்னும் விநோதம்.

எனக்கே இது புரிய வருஷங்கள் ஆயின. கல்லூரி விடுதியில் ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கேசட் ஒன்றைத் தேயத் தேயக் கேட்டோம். அதில் 'செவன் பிரிட்ஜஸ் ரோட்', 1980இல் வந்த மேடைப் பதிவு. ஐந்து குரல்கள், தொடக்கத்தில் வாத்தியமே இல்லை. ராக் குழுவுக்கு இப்படிப் பாட யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் குழுவைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான பெர்னி லெடன் பாஞ்சோ வாசித்து வளர்ந்த புளூகிராஸ்காரர். அந்தப் பதிவு வருவதற்குள் அவர் குழுவை விட்டே போய்விட்டார், குரல்களை அடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பேர்ட்ஸ் என்ற இன்னொரு ராக் குழுவின் கிறிஸ் ஹில்மனும் அப்படித்தான், ராக்குக்கு வருமுன் மாண்டலின்காரர். 1968இல் அவர்கள் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' என்ற ஆல்பத்துக்குப் பாட்டுப் பதிவு செய்தபோது, கன்ட்ரி இசை ஜோடியான லூவின் சகோதரர்களின் பாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ராக் பையன்கள், பக்திப் பாட்டு! கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்காரர்கள் முகம் சுளித்தார்கள் என்பது வேறு கதை.

பழைய புளூகிராஸ் குழுக்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடின. சத்தத்தைக் கூட்டக் குறைக்கப் பொத்தான் கிடையாது. கிட்டே வா, தள்ளிப் போ, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் அங்கே பாடவே முடியாது. உங்கள் குழுவில் ஆளுக்கொரு மைக் என்றாய். எனக்கென்னவோ உன் சிக்கலில் பாதி அதுதான். ஒரு நாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நெருக்கமாக நின்று பாடிப் பாருங்கள்.

இன்னொன்று. கீழே இறங்க உன் தொண்டை வரவில்லை என்றால் விடு. பழைய புளூகிராஸ் பாடகர்களான ஸ்டான்லி சகோதரர்கள் பாரிடோனை ஒரு ஸ்தாயி தூக்கி, டெனருக்கும் மேலே வைத்துப் பாடியிருக்கிறார்கள். அதே சுரம்தான், ஆனால் கூரை மேல் ஏறி நிற்கும். உன் குரலுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். தலைவரிடம் கேட்டுப் பார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த ஒத்திகையில் உன் குரலை மட்டும் பதிவு செய்து அனுப்பு. இங்கே நான் மெட்டைப் பாடிச் சேர்த்துப் பார்க்கிறேன். டெனருக்குத்தான் ஆள் இல்லை. அம்மாவைக் கேட்டேன், மறுத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா