ரெபெக்கா கிளார்க் மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளே,

போன சனிக்கிழமை லண்டன் ஹரோவில், இசையமைப்பாளரும் வயோலாக் கலைஞருமான ரெபெக்கா கிளார்க்கின் நினைவு மாலை நல்லபடியாக நடந்து முடிந்தது. நூறு கதிரை போட்டிருந்தோம், அது போதாமல் பின்னால் நின்றும் கேட்டார்கள். மேடையில் நன்றி சொல்லத் தொடங்கியதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஆங்கிலேயப் பெண்ணுக்காக நாம் ஏன் விழா எடுக்க வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். அவர் பிறந்தது இதே ஹரோவில், 1886 ஆகஸ்ட் 27இல். நாம் மரக்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் போய்வருகிற ஊரின் பிள்ளை அவர். வயலின் படித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் ஒருவர் திருமணம் செய்யக் கேட்டார் என்று தகப்பன் படிப்பையே நிறுத்திவிட்டார். அப்புறம் லண்டன் ராயல் இசைக் காலேஜில் ஸ்டான்ஃபோர்ட் என்ற இசையமைப்பாளரிடம் இசையமைக்கப் படித்தார். வயலினைவிடச் சற்றுப் பெரிதாய், தாழ்ந்த குரலில் ஒலிக்கிற வயோலாவுக்கு மாறச் சொன்னவர் ஸ்டான்ஃபோர்டுதான். வயோலா வாசித்தால் ஒலியின் நட்டநடுவில் இருக்கலாம், இசை எப்படிக் கூடிவருகிறது என்பது உள்ளிருந்தே விளங்கும் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு தகப்பன் வீட்டை விட்டும் அனுப்பிவிட்டார். அந்த வயோலாதான் அவருக்குச் சோறு போட்டது. முதல் உலகப் போருக்கு முன்பே, ஹென்றி வுட் நடத்திய குவீன்ஸ் ஹால் இசைக்குழுவில் இடம் பிடித்தார். லண்டனில் அப்படி இடம் பெற்ற முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

நாங்கள் வாசித்தது அவருடைய வயோலா சொனாட்டாவின் முதல் பகுதி. சொனாட்டா என்றால் இங்கே வயோலாவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கிற, பல பகுதிகள் கொண்ட படைப்பு. 1919இல் அமெரிக்காவில் நடந்த போட்டியில் 70க்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு நடுவே அது ஏர்னஸ்ட் ப்ளொக் என்ற இசையமைப்பாளரின் படைப்போடு சமமாக நின்றது. போட்டியை நடத்திய எலிசபெத் கூலிட்ஜ் தம் வாக்கை ப்ளொக்குக்குப் போட, பரிசு அவருக்குப் போனது. கிளார்க்கின் சொனாட்டாவை ஒரு பெண் எழுதியிருக்க முடியாது என்று அன்று பேசிக்கொண்டார்களாம். அந்தப் பேச்சை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

யாழ்ப்பாணத்தில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி, நான்கு தந்தியையும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து வாசித்துப் பழகியவள் நான். முப்பத்தெட்டு வயதில் வயோலாவைத் தோளில் ஏற்றிப் பிடிக்கக் கற்றுத் தந்த என் ஆசிரியைக்கு முதல் நன்றி. சொனாட்டாவின் தொடக்கத்தில் பியானோ சுரங்களைச் சேர்த்து ஒலித்துவிட்டுக் காத்திருக்க, வயோலா தனியே எழுந்து அறைகூவும். அந்த இடத்தில் எனக்குக் கை பதறும், வில்லைப் போட்டு அழுத்துவேன், தந்தி கரகரக்கும். ஒருநாள் ஆசிரியை என் வலது முழங்கைக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு, "அழுத்தாதே, கையின் பாரத்தை இறக்கு" என்றார். தன்பாட்டில் கை இறங்கியது, அறையே அதிர்ந்தது. நான்கு வருடமாகச் சம்பளம் வாங்க மறுத்தவர் அவர். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன்!

வயோலா செய்து திருத்தும் ஐயாவுக்கும் நன்றி. என் கை குட்டை, அதனால் பதினைந்தரை அங்குல வயோலா ஒன்றைத் தேடி எடுத்து இரவல் தந்தார். அடித்தந்தி மூக்கடைத்தது போல ஒலிக்கிறது என்று கொண்டுபோனேன். வளைந்த இரும்புக் கம்பி ஒன்றைத் துளை வழியாக விட்டு, உள்ளே நிற்கிற சின்ன மரக்குச்சியை மயிரிழை அளவு தட்டி நகர்த்தினார். அவ்வளவுதான், தந்தி வாய் திறந்துவிட்டது.

முதலில் பேசிவைத்த மண்டபத்தார் இரண்டு கிழமை இருக்கும்போது கைவிரித்துவிட்டார்கள். ஒரே நாளில் வேறு இடம் பிடித்துத் தந்த அண்ணாவுக்கும், கதிரை தூக்கிய பெடியளுக்கும், பியானோவில் என்னை விழாமல் பிடித்துக்கொண்ட தங்கைக்கும், பக்கம் புரட்டிய மகளுக்கும், பற்றிஸும் தேத்தண்ணியும் தந்த அக்காமாருக்கும் என் நன்றி. "பாலமுரளிகிருஷ்ணா வாசித்தாரே, அந்த வயோலாவா பிள்ளை இது?" என்று கேட்ட மாமாவுக்கும்தான். அதேதான் மாமா. நீங்கள் கேட்ட பிறகுதான் முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

பக்கத்து வீட்டு மாமிக்கு என்ன சொல்வது? இரண்டு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரே நான்கு வரியைக் கேட்டவர். ஒருநாள்கூடக் கதவைத் தட்டிக் குறை சொன்னதில்லை. வேலியடியில் கண்டால் மட்டும், "அந்த ஏறுற இடம் இன்னும் சறுக்குது பிள்ளை" என்பார். சரியாகத்தான் சொல்வார்.

கிளார்க் கடைசியில் நியூயோர்க்கில், 1979இல், தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். தன்னிடம் வந்துசேர்ந்த, விலைமதிப்புள்ள பழைய ஸ்ட்ராடிவேரியஸ் வயலினை விற்று, செலோ வாசித்த தோழி மே மக்கிள் பெயரில் ஒரு பரிசு ஏற்படுத்தியிருந்தார். நம் உண்டியலில் செலவு போக 140 பவுண் மிஞ்சியிருக்கிறது. வாசித்து முடிந்ததும் மேடைக்கு ஓடிவந்து வயோலாவைத் தொட்டுப் பார்த்த சிறுமிக்கு, அவள் அளவில் ஒன்று வாடகைக்கு எடுக்கப் போகிறோம். தாய் சம்மதித்துவிட்டார்.

இரண்டாம் பகுதியைத் திங்கட்கிழமை தொடங்கினேன். மாமியிடம் சொல்லிவிட்டேன்.