ஷட்டர் விழவில்லை என்றதும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்கள் பழைய ஃபிலிம் கேமராக்களைத் தேடி அலைவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், வெளிச்சத்தைத் தானே அளந்து சரிசெய்யும் ஆட்டோ எக்ஸ்போஷர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டர்களுக்கு (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமராக்கள்) இனி பேட்டரியே கிடையாது, ஷோகேஸில் வைக்கத்தான் லாயக்கு என்று முடித்துவிட்டார்கள். ஸ்டுடியோ நடத்தி, கேமரா பழுதும் பார்த்தவன் நான். இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கேனன் 1972-இல் வெளியிட்ட கேனோநெட் க்யூஎல்17 ஜி3-யை எடுத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ். ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையின் அளவை, அதுவே பார்த்துக்கொள்ளும். தாத்தா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது என்று ஒரு தம்பி அதைக் கொண்டுவந்தார். ஷட்டர் விழவில்லையாம், கடையில் எடைக்குப் போடச் சொன்னார்களாம். அபர்ச்சரை வைக்கும் லென்ஸ் வளையம் ‘ஏ’-யில், அதாவது ஆட்டோவில் இருந்தது. பேட்டரி இல்லாமல், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை, அதனால் பட்டன் பூட்டிக்கொண்டது. வெளிச்சம் போதாவிட்டாலும் ‘ஏ’-யில் அப்படித்தான் பூட்டும். வளையத்தை 8-க்குத் திருப்பி அழுத்தினேன், ‘டிக்’கென்று விழுந்தது. இந்தக் கேமராவைப் பேட்டரியே இல்லாமல், எல்லா வேகத்திலும் கையால் வைத்து எடுக்கலாம்.

சரி, ஆட்டோ வேண்டுமென்றால்? அன்று போட்டது 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி. பாதரசம் விஷம் என்பதால் அது நின்றுபோனது நியாயம்தான். அதே அளவில் இப்போது விற்கும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால், வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் ஏமாந்து அபர்ச்சரைக் குறைத்துவிடும், நெகட்டிவ் வெளிறிப்போகும். பேட்டரி தீரத் தீர வோல்ட்டும் இறங்குவதால் கணக்குப் போட்டும் சரிக்கட்ட முடியாது. இதற்கு மருந்து காது மெஷின் கடையில் இருக்கிறது. 675 என்று கேளுங்கள். 1.4 வோல்ட், ஏறக்குறைய கடைசிவரை ஒரே அளவில் நிற்கும். ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுப் பட வைத்துப் போட வேண்டும். அகலம் குறைவு என்பதால் ஆடாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் போதும். பேட்டரியில் இருக்கும் பொடி ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஸ்டிக்கரை உரித்துவிட்டால் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். போகட்டும், விலை ஒன்றும் பெரிதில்லை.

யாஷிகா எலெக்ட்ரோ 35-ஐயும் இதோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். அது வேறு ரகம். அதில் அபர்ச்சரை நாம் வைக்க வேண்டும், வேகத்தைக் கேமரா முடிவு செய்யும். பேட்டரி இல்லாவிட்டால் 1/500 என்ற ஒரே வேகத்தில்தான் விழும். ஆனால் 5.6 வோல்ட்டுக்குப் பதில் இன்றைய 6 வோல்ட் பேட்டரியைப் போட்டாலும் அது கோளாறு செய்வதில்லை. இடைவெளியை நிரப்ப ஒரு ஸ்பிரிங்கோ, மடித்த அலுமினியத் தாளோ வைத்தால் சரி.

வாங்குகிறவர்கள் பின்மூடியைத் திறந்து, ஓரத்துப் பஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும். விரலில் தார் மாதிரி ஒட்டினால், அதை மாற்றிய பிறகுதான் ஃபிலிம் போட வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம் கசியும். இவ்வளவையும் அடுத்த இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
கும்பகோணம்