25 டிகிரி கேட்டு ஒரு மடல்

மருத்துவமனைக் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். மைக்ரோபயாலஜி லேபிலிருந்து எழுதுகிறேன். தேவைப்பட்டால் குளிர்வித்தும் 25 டிகிரியில் நிறுத்திவைக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர் கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதங்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. அதனால் கடந்த மே மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பிறந்து ஐந்து நாளான குழந்தையின் பிளட் கல்ச்சர் பாசிட்டிவ் ஆனது, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்ந்தது. ஸ்லைடில் சின்னச் சின்ன கிராம் பாசிட்டிவ் ராடுகள், ஊதாச் சாயம் ஏறிய கோல் வடிவக் கிருமிகள். இப்படி வருபவை பெரும்பாலும் தோலிலிருந்து ஒட்டி வந்த, பொதுவாகத் தீங்கு செய்யாத டிப்தீராய்டுகள்தான். ஆனால் இதில் காலனிக்கு அடியில் மெல்லிய பீட்டா ஹீமோலைசிஸ், அதாவது ரத்த அணுக்கள் கரைந்த தெளிவு, தெரிந்தது. பச்சிளங்குழந்தையின் உயிருக்கே ஆபத்தான லிஸ்டீரியாவோ என்று வயிற்றைக் கலக்கியது. இரண்டையும் பிரித்தறிய உதவும் எஸ்குலின் மீடியா தீர்ந்து இரண்டு மாதம். மிச்சமிருந்தது, கிருமி நகர்கிறதா என்று பார்க்கும் மொட்டிலிட்டி டெஸ்ட். கிருமியை செமி-சாலிட் அகார் என்ற இளகிய வளர்ப்பு ஊடகத்தில் குத்தி 25 டிகிரியில் வைத்தால், லிஸ்டீரியா மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே குடை விரித்தாற்போல் பரவும். டிப்தீராய்டு அசையாது. 37 டிகிரியில் லிஸ்டீரியாவும் அநேகமாக அசையாது.

எங்களிடம் இருப்பது 37 டிகிரி இன்குபேட்டர் மட்டுமே. ஏ.சி. பழுதான அறையில் மேசைமேல் 35. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் போட்டு, டியூபை உள்ளே வைத்து, மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இரவில் லேபில் ஆள் கிடையாது. காலையில் பெட்டிக்குள் 33. குத்திய கோட்டிலேயே வளர்ந்திருந்தது, குடை இல்லை. ‘டிப்தீராய்டு, கன்டாமினேஷனாக இருக்கலாம்’ என்று ரிப்போர்ட் போனது. எழுதியது என் கை.

அடுத்த கல்ச்சரிலும் அதே கிருமி வந்த பிறகுதான் வெளி லேபுக்கு அனுப்பினோம். கிருமியின் புரதங்களை வைத்து அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவியில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்று வந்தது. அதுவரை குழந்தைக்கு ஏறிக்கொண்டிருந்தது செஃபோடாக்சிம். செஃபலோஸ்போரின்களுக்கு இந்தக் கிருமி அடங்காது. ஆம்பிசிலினுக்கு மாற்றியதும் பிள்ளை தேறியது. நான்கு நாள் போனது போனதுதான். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

25 டிகிரியில் நிற்கும் ஒரு பெட்டி இருந்திருந்தால் மறுநாளே சொல்லியிருப்போம்.

கிருமியை அடையாளம் காணும் ஆட்டோமேட்டட் கருவி வாங்கினீர்கள், நன்றி. டிப்தீராய்டுகள் சேர்ந்த கோரினிபாக்டீரிய வகையைக் கண்டறிய அதில் போடும் கார்டைக் கேட்டபோது, ‘அபூர்வமாக வருவதற்கு எதற்குச் செலவு’ என்று திருப்பிவிட்டீர்கள். தேடாத இடத்தில் எல்லாமே அபூர்வம்தான், ஐயா. மீன் வெட்டுபவரின் விரல் புண்ணில் எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற கிருமி வந்தால் வான்கோமைசின் மருந்து கேட்காது. பெயர் தெரியாமல் டாக்டர் எந்த மருந்தை எழுதுவார்?

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பி.ஓ.டி. இன்குபேட்டர், ஜெனரேட்டர் லைனோடு. அடுத்த கூட்டத்தில் தயவுசெய்து இதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
லேப் டெக்னீஷியன்