செல்லம் குடுத்ததால இல்லைங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர், ஆணுக்கு ஆண் மேல ஆசை வர்றதுக்கு ஜீன் கிடையாதுன்னு விஞ்ஞானிங்களே சொல்லிட்டாங்க, அதனால இது வளர்ப்பு சரியில்லாத கோளாறுதான்னு எழுதியிருந்தாரு. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. நான் திருப்பாதிரிப்புலியூர்ல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன், கடலூர்ல இத வாயத் தொறந்து பேச ஆளில்ல, அதான் நானே எழுதறேன்.

கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க, நாலும் பசங்க, ஆம்பளைங்க மேல ஆசைப்படற கடைக்குட்டிய மாத்தணும்னு அலையறாங்க. மஞ்சப்பைலேர்ந்து நாலா மடிச்ச சீட்ட எடுத்து நீட்டினாங்க, பாத்தா டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் ஊசி, வெளியூர்ல யாரோ எழுதிக் குடுத்தது. அதுக்கு முன்னாடி மந்திரிச்ச கயிறு, அதுக்கும் முன்னாடி பொண்ணு பாத்து நிச்சயம் வரைக்கும் போயி நின்னுருக்கு. ஸ்டாக் இல்லம்மான்னு பொய் சொன்னேன். அவங்க நகரல. கடைசிப் புள்ளைன்னு இடுப்ப விட்டு இறக்காம வளத்தேன் தம்பி, நான்தான் கெடுத்துட்டேன்னு அழுதாங்க, பக்கத்துல இருமல் சிரப்பு வாங்க வந்தவரு எங்க பாக்கறதுன்னு தெரியாம மேல ஓடற ஃபேன பாத்துகிட்டு நின்னாரு.

அந்த ஊசி போட்டா ஆசையோட வேகம் வேணா ஏறும், அது யார் மேலங்கறது மாறாது. இது ரொம்ப காலத்துக்கு முன்னாடியே பாத்து கைவிட்ட வைத்தியம்.

ஜீன் விஷயத்துக்கு வர்றேன். 2019ல கிட்டத்தட்ட 4.77 லட்சம் பேரோட மரபணுவ அலசிப் பாத்தாங்க, அதுல தெரிஞ்சது ஒத்த ஜீன்னு ஒண்ணு இல்ல, ஏகப்பட்ட ஜீனுங்க சேந்து ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்யுது, அதுபோக வேற காரணங்களும் இருக்குன்னுதான். உயரத்துக்கும் ஒத்த ஜீன் கிடையாது, அதுக்காக குள்ளமா இருக்கறவன அவன் பழக்கம் சரியில்லன்னு சொல்லுவமா?

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது வேற. கனடால போகார்ட், பிளான்சார்டுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1990கள்லேர்ந்து ஒண்ண கவனிச்சிருக்காங்க, கூடப் பொறந்த அண்ணன் ஒவ்வொருத்தனுக்கும் தம்பி தன்பாலீர்ப்போட, அதாவது ஆம்பளைங்க மேலயே ஆசையோட, இருக்கற வாய்ப்பு மூணுல ஒரு பங்கு கூடுதாம். அண்ணனே இல்லாதவனுக்கு அந்த வாய்ப்பு நூத்துல ரெண்டுன்னு வெச்சா, மூணு அண்ணன் இருந்தாலும் அஞ்சத் தொடாது, ரொம்பப் பேரு அப்பவும் பொண்ணத்தான் விரும்புவாங்க, மூத்த புள்ளைங்கள்லயும் இப்படி உண்டு. ஆனா 2006ல போகார்ட் இன்னொண்ணு பாத்தாரு பாருங்க, அதுதான் விஷயமே. ஒரே வயித்துல பொறந்த அண்ணன் வேற வீட்டுல வளந்தாலும் கணக்குல வருது, தத்து வந்த அண்ணனோ மாத்தாந்தாய் புள்ளையோ ஒரே வீட்டுல ஒண்ணா வளந்தாலும் வரல. வளர்ப்புதான் காரணம்னா இது தலைகீழால்ல இருக்கணும்? இத சொன்னதும் அந்த அம்மா, அப்ப என் வயிறுதான் காரணமான்னு கேட்டாங்க. எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு, பழிய எங்க தூக்கி வெச்சாலும் அது பொம்பளை தலையிலதான் வந்து உக்காருது.

இதே மாதிரி அமெரிக்கால ஒரு அம்மா, மனசப் பத்தி ஆராஞ்ச டாக்டர் பிராய்டுக்கு லெட்டர் போட்டாங்களாம், 1935ல அவரு எழுதின பதில்ல இது நோயுமில்ல, இதுல வெக்கப்படவும் ஒண்ணுமில்லன்னு இருக்கு. அவரு வழியில வந்தவங்களே அப்புறம் அதிகாரம் பண்ற அம்மா, ஒட்டாத அப்பான்னு கதை கட்டினாங்க, அது நிக்கல. 1973ல அமெரிக்க மனநல டாக்டர்ங்க சங்கம் நோய்ப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க, 1990ல உலக சுகாதார நிறுவனமும். நம்ம மெட்ராஸ் ஐகோர்ட்ல 2021 ஜூன்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மாத்தறேன்னு வைத்தியம் பண்ணக்கூடாதுன்னே உத்தரவு போட்டாரு, அவரே மனநல நிபுணர்கிட்ட உக்காந்து பாடம் கேட்டுட்டுத்தான் தீர்ப்பு எழுதினாரு. அடுத்த வருஷமே தேசிய மருத்துவ கமிஷன் அப்படி வைத்தியம் பண்றது தொழில் ஒழுங்கீனம்னு சொல்லிடுச்சு. இவ்வளவும் ஆகி அந்த சீட்டு என் கடைக்கு வருது.

அந்த அம்மா போன வாரம் திரும்ப வந்தாங்க, பிபி மாத்திரை மட்டும் வாங்கினாங்க. வீட்டுக்காரரு மட்டும் இன்னும் மசியலையாம், மாத்திரை விக்கறவன் பேச்ச கேக்கறியான்னு சத்தம் போடறாராம். உங்க ஞாயித்துக்கிழமை மருத்துவப் பக்கத்துல ஒரு மனநல டாக்டர வெச்சு இத எழுதச் சொல்லுங்க அய்யா, அந்த வீட்டுக்காரரு உங்க பேப்பர்தான் வாங்கறாரு.

இப்படிக்கு
ஒரு மெடிக்கல் ஷாப்காரர், கடலூர்