குழந்தைகள் வார்டுக்குப் போகும்முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு வந்தால் மாவட்ட மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். பாசம்தான், ஆனால் ஒரு நேரத்தில் இருவர் போதும். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வாசலோடு திரும்பிவிடுங்கள். பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாக வந்து போகும் ஆர்.எஸ்.வி. வைரஸ், கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு 2 நாள் முன்பே பரவத் தொடங்கும். அம்மை கண்ட வீட்டுப் பிள்ளைகளை அழைத்து வரவே வேண்டாம்.

குழந்தையைத் தொடும்முன்பும் தொட்டபின்பும் சானிட்டைசரை 20 முதல் 30 விநாடி தேயுங்கள். விரல்நுனியும் கட்டைவிரலும்தான் பெரும்பாலும் விட்டுப்போகின்றன. வயிற்றுப்போக்குள்ள குழந்தையிடம் போனால் சோப்பும் தண்ணீரும்தான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் சானிட்டைசருக்கு எளிதில் மசியாது.

ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) இல்லாமல் நம் ஊரில் யார் நோயாளியைப் பார்க்கப் போகிறார்கள்? கொண்டு வாருங்கள், செவிலியரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆபரேஷனுக்காகப் பட்டினியிலிருக்கும் பிள்ளைக்கு ஒரு துண்டு கொடுத்தாலும் ஆபரேஷன் தள்ளிப்போகும். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. 1 வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தேன் தடவவே கூடாது.

டிரிப்ஸ் நின்றால் நர்ஸைக் கூப்பிடுங்கள், குழாயிலுள்ள உருளையை நீங்களே திருகாதீர்கள். இறக்கிய கட்டில் கம்பியை ஏற்றிவிட்டுப் போங்கள். முத்தம் வீட்டுக்கு வந்தபிறகு கொடுக்கலாம்.

இப்படிக்கு,
குழந்தைகள் வார்டு செவிலியர்கள் சிலர்,
நாகர்கோவில்