யாழ்ப்பாணத்திலை பிளான் கீறுற, பாஸ் பண்ணுற எல்லாருக்கும்: கட்டிடக் கழிவைப் பேப்பரிலையே குறையுங்கோ

வணக்கம்.

வீடு, கடை, பள்ளிக்கூடக் கட்டிடம் எண்டு இஞ்ச பிளான் கீறுற இஞ்சினியர்மார், ஆர்க்கிரெக்ற்மார், டிராஃப்ற்ஸ்மன்மார், பேந்து அதைப் பாத்து பாஸ் பண்ணுற மாநகரசபை, நகரசபை, பிரதேசசபை ஆக்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறன். நான் சைற்றிலை வேலை செய்யிற ஆள். ஒவ்வொரு வேலை முடியேக்கையும் வளவு மூலையிலை உடைஞ்ச கல்லு, இறுகிப்போன சீமெந்து, துண்டுக்கம்பி, வெட்டின ரைல் எல்லாம் குவிஞ்சு கிடக்கும், அதைப் பாக்க உண்மையா மனம் பொறுக்குதில்லை.

கேட்டா எல்லாரும் மேசன்மாரைத்தான் குறை சொல்லுவினம். கவனமில்லாத மேசன்மாரும் இருக்கினம்தான், ஆனா கழிவிலை பெரிய பங்கு அத்திவாரம் வெட்ட முதலே பிளானிலை முடிவாகிடுது எண்டதை நான் அடிச்சுச் சொல்லுவன்.

ஒரு கணக்கு சொல்லுறன், பாருங்கோ. நாங்கள் 16 அங்குலம் எண்டு சொல்லுற சீமெந்துக்கல்லு சரியா 390 மில்லிமீற்றர் நீளம், 190 உயரம், அதோடை 10 மில்லிமீற்றர் சாந்து சேர்ந்தா 400க்கு 200. இப்ப நீங்கள் 10 அடி எண்டு சுவர் கீறினா அது 3,048 மில்லிமீற்றர், ஏழு கல்லு முழுசா வந்து எட்டாவது கல்லிலை முக்கால்வாசியும் இல்லாமல் அரையும் இல்லாமல் ஒரு துண்டு வேணும், அதை மேசன் ஒவ்வொரு வரியிலையும் கொத்தி எடுக்கவேணும், கொத்தேக்கை பாதிக் கல்லு சிதறும், மிஞ்சின துண்டு எங்கையும் பொருந்தாது. அதே சுவரை 3.2 மீற்றர் எண்டு கீறியிருந்தா எட்டுக் கல்லு, 3 மீற்றர் எண்டா ஏழரை, அந்த அரைக்கல்லின்ரை மற்றப் பாதி அடுத்த வரிக்குப் போகும். உயரமும் அப்பிடித்தான், 3 மீற்றருக்கு 15 வரி சரியா வரும். யன்னலை 4 அடி எண்டு விடாமல் 1.2 மீற்றர் எண்டு விட்டா மூண்டு கல்லின்ரை இடம். வீட்டுக்காரருக்கு இதாலை ஒரு குறையும் வராது. கல்லு அச்சிலை போட்டுச் செய்யிற வாடிக்கு வாடி அளவு கொஞ்சம் வித்தியாசப்படும், அதாலை எந்த வாடியிலை கல்லு எடுக்கப்போறியள் எண்டு முதலே கேட்டு அளந்துபோட்டுக் கீறுங்கோ.

ரைல் இன்னும் மோசம். 11 அடி அறைக்கு இரண்டு பக்கமும் பூசினாப் பிறகு 600 மில்லிமீற்றர் ரைல் ஐஞ்சு முழுசாப் போய், மிச்சம் அரை ரைலைவிட ஒரு அரை அங்குலம் கூட வரும். அந்த அரை அங்குலத்தாலை ஒரு ரைலிலை இரண்டு துண்டு எடுக்கேலாது, ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு ரைலை வெட்டி மற்றப் பாதியை எறியவேணும். சுவரைப் பேப்பரிலை ஒரு அங்குலம் உள்ளுக்குத் தள்ளியிருந்தா காணும். கம்பி 12 மீற்றர் நீளத்திலை வருது, 4.1 மீற்றர் துண்டு கேட்டா இரண்டு எடுத்து 3.8 மீற்றர் மிஞ்சும், 4 எண்டா மூண்டு எடுக்கலாம். ஆனா இதைச் சைற்றிலை நாங்கள் எங்கட எண்ணத்துக்கு மாத்தேலாது, மாத்தவும் கூடாது, ஒரு கம்பியோடை அடுத்த கம்பி ஒட்டிப் போற லாப் நீளம் குறைஞ்சா பீமுக்கு ஆபத்து. கணக்குப் பாத்த இஞ்சினியர்தான் கம்பி வெட்டுற அட்டவணையையும் யோசிச்சுத் தரவேணும், எங்களுக்கு வாற கனக்கப் பிளானிலை அந்த அட்டவணையே இல்லை.

இதெல்லாத்தையும் விட என்னை வருத்துறது கட்டினதை உடைக்கிறதுதான். பூசி முடிஞ்ச சுவரை வயறிங்காரர் வந்து மேலையிருந்து கீழை வரைக்கும் கொத்துவார், பேந்து பைப் காரர் வந்து பாத்ரூம் நிலத்தைக் கொத்துவார், சிலவேளை பீமையும் சேர்த்துத் துளைப்பினம், அதைப் பாக்க எனக்கு நெஞ்சு பதறும். வயர் போற குழாய், அதுதான் கொண்டியூட், எங்கை போகுது, பைப் எதாலை இறங்குது எண்டு ஒரு படம் முதலே இருந்திருந்தா கொங்கிறீற் போடேக்கையே துளை விட்டிருக்கலாம். இஞ்ச இன்னொரு சங்கதியும் இருக்கு, வீட்டுக்காரர் கனடாவிலையோ லண்டனிலையோ இருப்பினம், வட்ஸ்அப்பிலை வீடியோ பாத்துப்போட்டு "அந்த பாத்ரூமை மற்றப் பக்கம் வைக்கேலாதோ" எண்டு கேப்பினம், எழும்பின சுவர் அண்டைக்கே விழும். அவையைக் குறை சொல்லேலாது, கோட்டுப்படத்தைப் பாத்து ஒரு அறை எப்பிடி இருக்கும் எண்டு எல்லாருக்கும் விளங்காது. நீங்கள்தான் முப்பரிமாணப் படம் காட்டி, இருந்து கதைச்சு, தெளிவா முடிவெடுத்து எழுதி வாங்கினாப் பிறகு வேலையைத் தொடங்கவேணும்.

இது காசுக் கதை மட்டும் இல்லை. சீமெந்து மூட்டை 2022இலை மூவாயிரத்தைத் தொட்டது ஒருத்தருக்கும் மறந்திராது. காங்கேசன்துறை ஆலை 1990இலை நிண்டதோடை எங்களுக்குச் சீமெந்தே வெளியிலை இருந்துதான் வருது, கருங்கல்லுச் சல்லியும் வன்னிப் பக்கத்தாலைதான் வரும், வருஷம் முழுக்க ஓடுற ஆறு இல்லாத குடாநாட்டிலை மணலுக்கு கிளிநொச்சியையும் வடமராட்சி கிழக்கையும் தோண்டுறம். அங்கத்தைச் சனம் மணல் அள்ளாதேங்கோ எண்டு றோட்டிலை நிண்டு கத்தேக்கை, நாங்கள் இஞ்ச அந்த மணலைப் பூசி, கொத்தி, குப்பையாக்குறம்.

பிறகு அந்தக் குப்பை எங்கை போகுது? லாண்ட்மாஸ்டர் எண்ட சின்ன உழவுமெசின் பெட்டியிலை ஏத்தி இரவோடை இரவா ஏதாவது பள்ளக்காணி, பாழடைஞ்ச கேணி, வெள்ளவாய்க்கால் ஓரம் எண்டு பறிக்கினம். எங்கட கிணத்துத் தண்ணி நிலத்துக்கடியிலை சுண்ணாம்புக்கல்லுக்குள்ளை நிக்கிற மழைத்தண்ணிதான், அந்தத் தண்ணி இறங்குற பள்ளத்தையும் குளத்தையும் இடிபாட்டாலை மூடிப்போட்டு, 2008 நிஷா புயல் மாதிரி ஒரு மழை வந்தா வீட்டுக்குள்ளை வெள்ளம் எண்டு அழுது என்ன பிரயோசனம்.

நடுவிலை முற்றம் விட்டுக் கட்டின எங்கட பழைய நாற்சார் வீடுகளை ஒருக்கா பாருங்கோ. ஓடு கழட்டலாம், பனஞ்சிலாகை கழட்டலாம், கதவு நிலையோடை கழட்டலாம், சுண்ணாம்புச்சாந்துக் கல்லும் உடையாமல் பிரியும். இடம்பெயரேக்கை ஓட்டையும் கதவையும் கழட்டி ஏத்திக்கொண்டு போன சனம் நாங்கள். இப்ப கட்டுறதை இடிச்சா கம்பியைத் தவிர ஒண்டும் மிஞ்சாது. எல்லாத்தையும் பழைய மாதிரிக் கட்டச் சொல்லேல்லை. ஆனா உள் தடுப்பு, கூரை, யன்னல் எண்டவற்றையாவது பிறகு கழட்டி எடுக்கிற மாதிரி யோசிச்சுக் கீறலாம்தானே.

ஐரோப்பிய ஒன்றியத்திலை வாற மொத்தக் கழிவிலை மூண்டிலை ஒரு பங்குக்கு மேலை கட்டிட வேலையாலையும் இடிக்கிறதாலையும் வாறது, அதாலைதான் அங்க வடிவமைப்பிலையே கழிவைக் குறைக்கிறதுக்கு வழிகாட்டி எழுதி வைச்சிருக்கினம். நொறுக்கித் திரும்பப் பாவிக்கிறதும் தேவைதான், சுனாமிக்குப் பிறகு தெற்கிலை காலி நகரத்திலை அப்பிடி ஒரு நிலையம் தொடங்கினவை. ஆனா நொறுக்க மெசினும் டீசலும் வேணும். கழிவே வராமல் கீறுறதுக்கு உங்கட நேரம் மட்டும்தான் வேணும்.

சபைகளிட்டைக் கேக்கிறது இதுதான். பிளான் பாஸ் பண்ணேக்கை எல்லைக்கு எத்தினை அடி விட்டது, மலகூடக் குழி கிணத்திலை இருந்து எவ்வளவு தூரம் எண்டு பாக்கிறியள், நல்லது. அதோடை ஒரு தாள் கூடக் கேளுங்கோ: வயறிங், பைப் படம் இருக்கோ, கம்பி அட்டவணை இருக்கோ, மிஞ்சிற இடிபாடு எங்கை போகும். சபையின்ரை சொந்தக் கட்டிடங்களிலை இருந்து இதைத் தொடங்கினா வீட்டுக்காரரும் பின்னாலை வருவினம். அரச வேலைகளின்ரை ரேற்றுக்குள்ளை வேஸ்ரேஜ் எண்டு ஒரு பங்கு ஏற்கெனவே சேர்த்துத்தான் இருக்கு, அப்ப எறியிற கல்லுக்கும் சனத்தின்ரை வரிக்காசுதான் போகுது.

கிளிநொச்சி அறிவியல்நகரிலை இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுப் பிள்ளையளை இஞ்சத்தைச் சைற்றுகளுக்கு அனுப்பி எந்தப் பிளானாலை எவ்வளவு கல்லு, எவ்வளவு ரைல் வீணாப்போகுது எண்டு அளக்கச் சொல்லுங்கோ. எங்கட ஊர்க் கணக்கு கையிலை இருந்தா சபையிலையும் சரி வீட்டுக்காரரிட்டையும் சரி கதைக்கிறது லேசு.

இதுகளைப் பற்றிக் கதைக்க நீங்கள் ஒரு கூட்டம் வைச்சா, அனுபவமுள்ள மேசன்மார், கம்பி வேலைக்காரர், வயறிங்காரரையும் கூப்பிடுங்கோ. எந்தக் கோட்டாலை எது உடைஞ்சது எண்டு அவைக்குத் தெரியும், கூப்பிட்டா வேலையை விட்டுப்போட்டு வருவினம், நானும் வருவன்.