பிட்சாக் கடையைத் தேட வேண்டாம். பன்றிக்கொழுப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் பயணப் பக்கத்தில் வந்த ஸ்லோவேனியா கட்டுரையைப் படித்தேன். தலைநகர் லியுப்லியானாவின் பாலங்களையும் கோட்டையையும் அழகாகச் சொன்ன கட்டுரையாளர், சாப்பாட்டை இரண்டே வரியில் முடித்துவிட்டார். உள்ளூர் உணவகங்களில் எல்லாம் இறைச்சி, சைவர்கள் பிட்சாக் கடையைத் தேடுவது நல்லது என்கிறார். படத்தின் கீழே நாட்டின் பெயர் ‘ஸ்லோவாக்கியா’ என்று அச்சாகியிருந்தது. அது பிராத்திஸ்லாவாவைத் தலைநகராகக் கொண்ட வேறு நாடு. பெயர்ப் பிழையை ஒரு வரித் திருத்தத்தில் சரிசெய்துவிடலாம். சாப்பாட்டு விஷயத்துக்கு ஒரு வரி போதாது என்பதால் இக்கடிதம்.

வெனிஸுக்கும் வியன்னாவுக்கும் நடுவே ஒரு நாள் லியுப்லியானாவில் இறங்கும் தமிழர்கள் இப்போது நிறைய. அவர்களில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சைவம்போலத் தெரிவதை நம்பிச் சாப்பிட்டுவிடவும் கூடாது. அந்தச் சமையலில் சிக்கல் கண்ணுக்குத் தெரியும் கறித்துண்டில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பன்றிக்கொழுப்பில் இருக்கிறது.

பாரம்பரிய உணவகத்துக்கு அங்கே ‘கோஸ்தில்னா’ என்று பெயர். பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக் கடை. கூடவே ஒயினும் பீரும் இருக்கும். பிரெஷெரன் சதுக்கம், மூன்று பாலங்கள் சேர்ந்த துரோமோஸ்தோவியே, அதைத் தாண்டிக் கோட்டை அடிவாரத்துப் பழைய தெருக்கள் ஆகிய இடங்களில் இவை உண்டு. மையப் பகுதிக்குள் வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் டாக்ஸி வாசல்வரை வராது. நடக்க முடியாத பெரியவர்களோடு போகிறவர்கள் ‘கவலீர்’ என்னும் சிறு மின்வண்டியை மறித்து ஏறிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது.

வாசலில் ஆறு மொழிகளில் படம்போட்ட மெனுவும், அதில் பிட்சா, செவாப்சிசி (விரல்போல் உருட்டிச் சுட்ட கொத்துக்கறி), வியன்னா கட்லெட் எல்லாம் ஒன்றாகவும் இருந்தால் அந்தக் கடை வழிப்போக்கர்களுக்கானது. செவாப்சிசி நல்ல உணவுதான், ஆனால் பால்கன் பக்கத்துச் சரக்கு. கரும்பலகையில் அன்றைய மதியச் சாப்பாட்டைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்திருக்கும் கடையை நம்பிப் போகலாம். ‘மாலிட்சா’ அல்லது ‘கொஸீலோ’ என்று எழுதியிருப்பார்கள். சூப், முக்கிய உணவு, சாலட் மூன்றும் சேர்த்து ஒரே விலை. வார நாட்களில், ஏறக்குறைய பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை. பக்கத்து அலுவலகக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் போவது இதைத்தான். ராத்திரி அதே கடையில் தனித்தனியாக வாங்கினால் செலவு கூடும். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் கடைகள் பல. கடை திறந்திருந்தாலும் அடுப்பை முன்னதாகவே அணைத்துவிடுவார்கள், ராத்திரி தாமதமாகப் போனால் சாப்பாடு கிடைக்காமல் போகலாம்.

இனி சைவர்களின் சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டியது ‘ஐதோவி ஜ்கான்ட்ஸி’. ஐதா என்பது பக்வீட். வடக்கே நவராத்திரி விரதத்துக்கு ‘குட்டு’ மாவு என்று விற்கிறார்களே, அதே தானியம். ஸ்லோவேனிய மண்ணில் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து விளைகிறது. செய்முறை நம் களிக்கும் பிட்டுக்கும் நடுவில் நிற்கும். அரைக் கிலோ மாவுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீரை உப்புப்போட்டுக் கொதிக்கவிட்டு, மாவை மொத்தமாக ஒரே குவியலாகக் கொட்டுவார்கள். கிளறக் கூடாது. மரக்கரண்டியின் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு துளை போட்டு, அந்தத் துளை வழியே தண்ணீர் கொப்பளித்து ஏற, இருபது முப்பது நிமிடம் வேகவிடுவார்கள். பிறகு மிஞ்சிய தண்ணீரை வேறொரு பாத்திரத்தில் வடித்துவைத்து, மாவைக் கிளறி, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சேர்த்து, இரண்டு பற்கள் கொண்ட முள்கரண்டியால் உதிர்ப்பார்கள். தண்ணீரை வடிக்காமல் கிளறினால் களியாகிவிடும். போதிய தண்ணீரைத் திருப்பி ஊற்றாவிட்டால் தொண்டையில் மாவு அடைக்கும். நல்ல ஜ்கான்ட்ஸி சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், விரலால் தொட்டால் தனித்தனியாக உதிரும், வறுத்த கொட்டை வாசம் வரும். முட்டை கிடையாது, பால் கிடையாது.

வில்லங்கம் மேலே தூவுவதில் இருக்கிறது. உதிர்கள் ஒட்டாமல் இருக்கச் சூடான கொழுப்பை ஊற்றுவது வழக்கம். அது ‘ஓட்ஸ்விர்கி’, அதாவது பன்றிக்கொழுப்பை உருக்கியபின் மிஞ்சும் மொறுமொறுப்பான துணுக்குகளும் அதன் நெய்யும். வெங்காய வறுவல் போலவே இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆர்டர் கொடுக்கும்போதே ‘ப்ரெஸ் ஓட்ஸ்விர்கோவ்’ என்று சொல்லிவிட வேண்டும். ஓட்ஸ்விர்கி இல்லாமல் என்று பொருள். பதிலுக்கு வெண்ணெய் கேட்கலாம், ‘மாஸ்லோ’ என்றால் வெண்ணெய். ஒரே ஓர் எழுத்துக்கூட்டம் மாறி ‘மாஸ்த்’ என்றால் பன்றிக்கொழுப்பு. இந்த இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. பக்கத்தில் ஒரு கிண்ணம் ‘கிஸ்லோ மிளேகோ’ வாங்கிக்கொள்ளுங்கள். உறைந்த புளித்த பால், ஏறக்குறைய நம் தயிர். களியும் தயிருமாகச் சாப்பிட்டுப் பழகிய வாய்க்கு இதைப்போல இதமான சாப்பாடு அந்த ஊரில் வேறில்லை.

அடுத்தது ‘ஷ்த்ரூக்லி’. மாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, துணியின் பூவேலை தெரியும் அளவுக்கு மெல்லிசாக இழுத்து, பூரணம் தடவி, துணியைத் தூக்கித் தூக்கியே பாயாகச் சுருட்டி, அந்தத் துணியிலேயே கட்டி உப்புத்தண்ணீரில் வேகவைப்பார்கள். நறுக்கி, வெண்ணெயில் சிவந்த ரொட்டித்தூள் தூவி வரும். மாவு ஊறாவிட்டால் இழுக்கும்போது கிழியும். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் சுருள் வெடித்துப் பூரணம் கரைந்துபோகும். பூரணம் ‘ஸ்கூத்தா’ என்ற ஈரப்பதமான, லேசாகப் புளித்த பன்னீராக இருக்கலாம். வால்நட்டாகவோ, ‘பெஹ்த்ரான்’ என்ற சோம்பு வாசக் கீரையாகவோ இருக்கலாம். இறைச்சி இல்லை, ஆனால் பூரணத்தில் பெரும்பாலும் முட்டை உண்டு. முட்டை சேர்க்காத வீட்டுக்காரர்கள் ‘ப்ரெஸ் யாய்ட்ஸ்’ என்று கேட்டுப் பார்க்கலாம். பூரணம் காலையிலேயே கலந்து முடிந்திருக்கும், அதனால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு ஜ்கான்ட்ஸிதான் பாதுகாப்பு.

ஏமாற்றும் உணவுகளையும் சொல்லிவிடுகிறேன். ‘ஷ்லீக்ரோஃபி’ என்பது இத்ரியா ஊரின் சிறு கொழுக்கட்டை, 3 செ.மீ. அளவில் தொப்பி வடிவம். 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாரம்பரியச் சிறப்பு உணவுப் பட்டியலில் இருக்கிறது. மெனுவில் ‘உருளைக்கிழங்குப் பூரணம்’ என்றிருக்கும். அந்த உருளைக்கிழங்கில் புகையூட்டிய பன்றிக்கொழுப்பு அரைத்துக் கலந்திருக்கும், கேட்டாலும் பிரித்தெடுக்க முடியாது. வெங்காயத்தோடு வதக்கிய உருளை ‘பிராஷென் க்ரொம்பீர்’. இதை ஒரு தனி உணவாக அங்கீகரிக்க வேண்டும் என்று சங்கமே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பிரியம். பழைய முறைப்படி அதுவும் பன்றிக்கொழுப்பில் வதங்கியது. எண்ணெயில் செய்யும் கடைகளும் உண்டு, கேட்டால் சொல்வார்கள். காளான் சூப்பின் அடித்தண்ணீர் மாட்டிறைச்சிச் சாறாக இருக்கலாம். அங்கே ஞாயிற்று விருந்தே ‘கோவேயா யூஹா’ என்னும் மாட்டுச் சாறில்தான் தொடங்கும். வசந்த காலத்தில் வரும் ‘ரேக்ரத்’ கீரைச் சாலட்டிலும் ஓட்ஸ்விர்கி தூவுவது வழக்கம்.

‘யோத்தா’ தனி. புளித்த முட்டைக்கோஸ் அல்லது புளித்த டர்னிப், பீன்ஸ், உருளை, பூண்டு, பிரிஞ்சி இலை சேர்ந்த கெட்டிச் சூப், மேற்கே கடலோரப் பகுதியினுடையது. நல்ல சமையல்காரர் உருளையையும் பீன்ஸையும் தனியே வேகவைத்து மசித்தபின்தான் கோஸைச் சேர்ப்பார். புளி சேர்ந்தால் காய் வேகாது என்பது நம் குழம்புக்கு மட்டுமான விதி இல்லையே. உருளை கடுக்கென்று இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள் என்று பொருள். வழக்கமான யோத்தாவில் புகையூட்டிய பன்றிக்கறி கூடவே வெந்திருக்கும். ‘கறியை மட்டும் எடுத்துவிடுங்கள்’ என்றால் எடுத்துவிட்டுத் தருவார்கள், சாறு அப்படியே இருக்கும். எனவே கறியை எடுக்கச் சொல்லாதீர்கள், கறி போடாமல் சமைத்ததா என்று கேளுங்கள்: ‘யே ஸ்குஹானோ ப்ரெஸ் மேசா?’

ஒவ்வாமைக் குறிப்புகளை நம்பிச் சிலர் ஏமாறுகிறார்கள். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி உணவகங்கள் 14 ஒவ்வாமைப் பொருட்களைத் தெரிவித்தாக வேண்டும். மெனுவில் உணவின் பெயர் அருகே சிறு எழுத்தோ எண்ணோ இருக்கும். முட்டை, பால், கொட்டைகள், கடுகு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. முட்டையைத் தவிர்ப்பவர்களுக்கு அது மிகவும் உதவும். பன்றியும் மாடும் அந்தப் பட்டியலில் இல்லை. குறியீடு ஏதும் இல்லாத உணவு சைவம் என்று ஆகிவிடாது.

அசைவர்கள் விட்டுவிடக் கூடாதது ‘க்ரான்ஸ்கா க்ளோபாஸா’ என்ற சாஸேஜ். கரடுமுரடாக நறுக்கிய பன்றிக்கறி, கொழுப்பு, உப்பு, பூண்டு, மிளகு இவ்வளவுதான். இரண்டு இரண்டாகச் சேர்ந்திருக்கும், முனையில் சிறு மரக்குச்சி குத்தியிருக்கும். அந்தக் குச்சிதான் அடையாளம், கடிக்குமுன் பிடுங்கிவிடுங்கள். கொதிநிலைக்குக் கீழே உள்ள வெந்நீரில் சூடாக்க வேண்டும். கொதிக்கவிட்டால் தோல் வெடித்துச் சாறெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும், தட்டில் சக்கைதான் வரும். கத்தியை வைத்ததும் தோல் ‘டப்’பென்று விட்டுக்கொடுத்துச் சாறு கசிந்தால் சரியான பக்குவம். கூடவே கடுகுச் சாந்தும், துருவிய ‘ஹ்ரென்’ (ஆங்கிலத்தில் ஹார்ஸ்ராடிஷ்) வேரும் வரும். காரம் வேண்டும் என்று ஊறுகாய்ப் பாக்கெட்டை எடுக்குமுன் இந்த வேரில் ஒரு சிட்டிகை தொட்டுப் பாருங்கள், மூக்குவரை ஏறும். நம் முருங்கை வேரை வெள்ளைக்காரர்கள் இதற்கு மாற்றாக வைத்துக்கொண்டதால்தான் முருங்கைக்கு ஆங்கிலத்தில் ‘ஹார்ஸ்ராடிஷ் மரம்’ என்று பெயர் வந்தது.

சாலட்டில் பூசணி விதை எண்ணெய் கேட்டு வாங்குங்கள்: ‘பூச்னோ ஓலியே’. விதையை வறுத்துப் பிழிந்தது. தட்டில் மெல்லிசாக ஓடும்போது பச்சை, கிண்ணத்தில் ஆழமாக நிற்கும்போது செம்பழுப்பு. சட்டையில் பட்டால் கறை லேசில் போகாது.

இனிப்பில் ‘கிபானிட்சா’ கசகசா, ஸ்கூத்தா, வால்நட், ஆப்பிள் என்ற நான்கு பூரணங்களை இரண்டு முறை அடுக்கியது. ஒரு துண்டை இருவர் பங்கிட்டாலே போதும். ‘பொதீட்ஸா’ நடுவில் துளையுள்ள வட்ட அச்சில் சுட்ட சுருள் ரொட்டி. பூரணத்தில் ரம் ஊற்றுவது உண்டு, மது தொடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் முட்டை இருக்கும்.

பணம் பற்றி. விலையில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும். 12,50 என்றால் பன்னிரண்டரை யூரோ. ஒயினுக்குப் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் 0,1 லிட்டருக்கு. மீன் விலை கிலோவுக்கு என்றும் எழுதியிருக்கலாம், தட்டுக்கு என்று எண்ணிச் சொல்லிவிட்டால் பில் வரும்போது மலைப்பாக இருக்கும். இறைச்சி உணவோடு உருளையோ சாலட்டோ சேர்ந்தே வரும் என்று நினைக்க வேண்டாம். ‘பிரிலோகே’ என்ற தலைப்பில் துணை உணவுகளுக்குத் தனி விலை இருக்கும். ‘ஸா 2 ஓஸேபி’ என்றிருந்தால் இருவருக்கான தட்டு. வரி விலையிலேயே அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை, திருப்தி என்றால் பத்து சதவீதத்துக்குள் கொடுப்பார்கள்.

தண்ணீர் கேட்டால் குமிழி பொங்கும் மினரல் பாட்டிலைத் திறந்துவிடுவதும் நடக்கும். ‘வோதா இஸ் பீபே’ என்றால் குழாய்த் தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம். 2016-இல் குடிநீரை உரிமையாக அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு அது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைக்குத் திருத்தம் போடும்போது இந்த ஐந்து சொற்களையாவது கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவில் கட்டம்கட்டி வெளியிடுங்கள்: மேசோ (இறைச்சி), ஸ்வினீனா (பன்றிக்கறி), கோவேதினா (மாட்டுக்கறி), மாஸ்த் (பன்றிக்கொழுப்பு), யாய்ட்சே (முட்டை). ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘ப்ரெஸ்’ சேர்த்தால் ‘இல்லாமல்’ என்று ஆகும். சேர்க்கும்போது சொல்லின் கடைசி மாறும்: ப்ரெஸ் மேசா, ப்ரெஸ் ஸ்வினீனே, ப்ரெஸ் கோவேதினே, ப்ரெஸ் மஸ்தி, ப்ரெஸ் யாய்ட்ஸ். மாற்றாமல் சொன்னாலும் பரிமாறுகிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
லியுப்லியானா